பங்காளிக்கு இன்று லீவு

வண்டிக்குள் மணி வீறிட்டபோது கலைமதி அன்றைய முதல் இட்லியை விண்டுகொண்டிருந்தாள். விண்டதை அப்படியே டப்பாவில் மூடி வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, தலைப்பட்டையை எடுத்து நெற்றியில் மாட்டினாள். நாற்காலிக்குப் பின்னால் வலது கையை நீட்டி லிவரைக் கீழே இழுத்தாள். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, இரண்டு வருஷப் பழக்கம். லிவரைக் கீழே இறக்கினால் இணைப்பு. மேலே தூக்கினால் துண்டிப்பு. அவள் வேலையில் இருந்த தொழில்நுட்பம் அவ்வளவுதான். மீதியெல்லாம் பயம்.

அவளுடைய பயம் அல்ல. அரைக் கிலோமீட்டர் தள்ளி, வேதாரண்யம் உப்பளத்தின் நடுவே நாற்பது கிலோ கவசத்தோடு நடந்துகொண்டிருந்த ஒரு ராணுவ வீரனுடைய பயம்.

பதினொரு நாள் போர் முடிந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அந்தப் பதினொரு நாளில் கடல் பக்கமிருந்து பறந்து வந்த குட்டிக் குட்டி எந்திரங்களை ஊர்க்காரர்கள் தட்டான் என்றார்கள். வெடித்தது பாதி. மீதி உப்புப் பாத்திகளில் விழுந்து, உப்பு மூடி, தூங்கிவிட்டது. மோட்டார் சத்தம் கேட்டால் விழித்துக்கொள்ளும் என்பதால் ரோபோவை அனுப்ப முடியாது. மனிதன்தான் நடந்துபோய், மூடியைத் திறந்து, மூன்று கம்பிகளை வெட்ட வேண்டும். மூடியைத் திறந்த நாற்பதாவது நிமிடம் அது தானாகவே வெடிக்கும்.

பயந்த கை கம்பியைத் தப்பாக வெட்டும். ஆகவே பயத்தை எடுத்துவிட ஒரு கருவி கண்டுபிடித்தார்கள். எடுக்க முடிந்ததே தவிர அழிக்க முடியவில்லை. எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். இறக்கி வைக்க ஒரு மண்டை வேண்டும். அந்த மண்டைக்குக் காகிதத்தில் ‘ஏற்பாளர்’ என்று பெயர்.

அடிவயிற்றில் ஐஸ் கட்டியை வைத்தாற்போல் அது வர ஆரம்பித்தது. பின்னாலேயே ஸ்பீக்கரில் குரல் வந்தது.

“இன்னா பங்காளி, ரெடியா? இன்னைக்கு பார்சல் கொஞ்சம் கனமா இருக்கும். சுபேதார் ஐயா வெச்ச மீன் கொழம்பு சாப்ட்டிருக்கேன். அந்த பயத்தையும் சேத்து அனுப்பறேன்.”

ஹவில்தார் மணவாளன். குடியாத்தத்துக்காரன். வயது முப்பத்தேழு என்று அட்டவணையில் இருந்தது. அவள் அவனைப் பார்த்ததில்லை, அவனும் அவளைப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பது விதி. ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரிந்தால் பயத்தோடு வேறு எதுவாவது கலந்துவிடும் என்றார்கள். அவன் பேசுவது அவளுக்குக் கேட்கும். அவள் பேசினால் அவனுக்குக் கேட்காது. பேச வேண்டுமென்றால் சுவரில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மைக் இருந்தது, உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும். இரண்டு வருஷமாக அந்தக் கண்ணாடி உடையவில்லை.

அவளை அவன் தொப்பையும் மீசையும் வைத்த ஆம்பிளை என்றே முடிவுகட்டியிருந்தான். வண்டியில் உட்கார்ந்து மிக்சர் தின்பதாகவும், சொத்தில் பாதி கேட்கும் பங்காளிக்குப் பயத்தில்தான் பாதி கிடைத்திருப்பதாகவும் ஊருக்கே கேட்கும்படி சொல்வான்.

அன்றைக்கும் தட்டானை அடைந்ததும் ஐஸ் கரைந்தது. இதுவரை அவள் சுமந்த நான்கு பேரில் இவன்தான் லேசான சுமை. தொட்டதும் பயம் விட்டுவிடும். இருபது நிமிடத்தில், ‘பத்திரம்’ என்று சொன்னான். வேலை முடிந்ததற்கு அதுதான் குறிச்சொல். அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஏற்பாளர் லிவரைத் தூக்கிவிட வேண்டும்.

கலைமதி தூக்கினாள். அசையவில்லை. எழுந்து இரண்டு கையாலும் மேலே இழுத்தாள். உப்புக் காற்று இரண்டு வருஷமாகத் தின்ற இரும்பு, துருவோடு துருவாக இறுகிப்போயிருந்தது.

பட்டையைக் கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கியபோது அது வந்தது. இது ஐஸ் இல்லை. கிணற்றுக்குள் தலைகீழாக விடுகிற மாதிரி. மூச்சு நின்று வந்தது. பக்கத்தில் இன்னொரு தட்டான் இருக்கிறது, அதை மிதிக்கப் போகிறான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கண்ணாடியை உடைக்கக் கையை ஓங்கிவிட்டாள்.

ஆனால் ஸ்பீக்கரில் அவன் சாவகாசமாகப் பேசிக்கொண்டு வந்தான். “ஐயா, எனக்கு லீவெல்லாம் வேணாம். வீட்ல இன்னா இருக்குது? ஒரே ஒரு பல்லி. போன தடவ கதவத் தொறந்தேன். திரும்பிப் பாத்துச்சு. ‘நீயா’ன்னு திரும்பவும் செவுத்தப் பாத்துகிச்சு.”

சுபேதார் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பல்லி என்ற வார்த்தை வந்தபோது கலைமதிக்குக் கிணறு இன்னும் ஆழமானது.

குண்டை நோக்கிப் போகும்போது இல்லாத அளவு பயம் திரும்பி வரும்போது வந்தது. ஒவ்வொரு ஜோக்குக்கும் ஒரு முழம் ஏறியது.

*

ஏற்பாளர் வேலைக்குக் கலைமதியைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அவளுக்குப் பயம் கிடையாது என்பதுதான். பதினொரு நாள் போரின் மூன்றாம் நாள் புருஷனின் படகு திரும்பவில்லை. அன்றோடு அவளுக்குள் ஏதோ அணைந்துவிட்டது. ஒருமுறை அடுப்படியில் நல்ல பாம்பு வந்தது. அவள் சற்று நகர்ந்து உட்கார்ந்து கீரை ஆய்வதைத் தொடர்ந்தாள். தேர்வில் என்னென்னவோ காட்டினார்கள், நாடி ஏறவில்லை. காலி அறைதான் வாடகைக்கு விட வசதி என்று அவளே நினைத்துக்கொண்டாள். நாற்பத்து நான்கு வயதில், நெஞ்சை அடுத்தவன் பயத்துக்கு விட்டுவிட்டு, மாலையில் கதவைத் திறந்து உள்ளே போனால் அவளுக்குப் பல்லியும் இல்லை.

மாதாந்திரப் பரிசோதனைக்கு வந்த மேஜர் குரியனிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். கருவியை வடிவமைத்த குழுவில் இருந்தவர், மனநல மருத்துவர்.

“பத்திரம்னு சொன்ன பிறகு லிவரைத் தூக்க மறந்துட்டா என்ன சார் ஆகும்?”

“ஒன்றும் ஆகாது. பயம் மட்டும்தான் கடக்கும், வேறு நினைவு எதுவும் கடக்காது. வேலை முடிந்த மனிதனிடம் ஏது பயம்? பன்னிரண்டு பேரை வைத்துச் சோதித்துவிட்டுத்தான் அந்த விதியை எழுதினோம். திரும்பி நடக்கும்போது பன்னிரண்டு பேருக்கும் பூஜ்யம்.”

“திரும்பி வந்து அவங்க யாரைப் பாத்தாங்க சார்?”

“எங்களைத்தான். வரிசையாக நின்று கைதட்டினோம்.”

பட்டையைக் கழற்றினாலும் ஐந்து நிமிடம் எச்சம் தங்கும், கவலைப்படாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவளுடைய இரத்த அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு போனார்.

பாதி கதை சுபேதார் பலவேசத்திடமிருந்து கிடைத்தது. திருநெல்வேலிக்காரர். டீ கொடுக்கும் சாக்கில் வண்டிக் கதவைத் தட்டி, விதியை மீறாத அளவுக்கு வம்பு பேசுவார்.

“முன்ன ரெண்டு பேரு போவாவம்மா. இவன் குண்டுகிட்ட போனா, ரெண்டாம் ஆளு நூறு மீட்டர்ல தண்ணி பாட்டிலோட நிப்பான். சேவியர்னு ஒருத்தன். இவன் திரும்பி வார வழியெல்லாம் அவன் ஏசுவான். இவனும் ஏசுவான். கேக்கவே காது கூசும். இந்த மிசின் வந்த பொறவு ரெண்டாம் ஆளு எதுக்குன்னு எடுத்துட்டாவ. சேவியரு இப்ப எங்கயோ ஏர்போர்ட்ல பெட்டி சோதிக்கான்.”

அப்புறம் சிரித்துக்கொண்டே சொன்னார், “இவன்தான் கொடுத்து வெச்சவன். ஒத்தையில கெடந்தாலும் சிரிச்சிக்கிட்டே கெடக்கான்.”

கலைமதி டீயைக் குடித்தாள். சர்க்கரை போடவில்லை என்பது குடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

லிவர் இறுகியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கீழே கிடந்தது, கிடக்கட்டும் என்று அதைத் தொடுவதையே விட்டுவிட்டாள். பட்டையை மாட்டினால் இணைப்பு, கழற்றினால் துண்டிப்பு. அவன் திரும்பி நடக்கும் அரைக் கிலோமீட்டரும் பட்டையோடு உட்கார்ந்திருந்தாள். கிணற்றுக்குள் தொங்கினாள். அவன் கவச வண்டியில் ஏறிக் கதவு சாத்தும் சத்தம் கேட்ட பிறகே கழற்றினாள்.

இப்படி ஐந்து மாதம் போயிற்று. அதற்குள் இன்னொன்றும் கவனித்தாள். வேலை முடிந்த பிறகும் அவன் தட்டான் பக்கத்திலேயே உட்கார ஆரம்பித்திருந்தான். முதலில் நாலு நிமிடம். அப்புறம் ஒன்பது. போன மாதம் பதினாலு. ஏன்டா என்று சுபேதார் கேட்டால், “பேசிகினு இருக்கேங்க ஐயா. நல்ல பையன், குறுக்க பேசமாட்டான்” என்பான். பதிவேட்டில் ‘மறு ஆய்வு’ என்று எழுதினார்கள். அந்த நேரங்களில் அவளுக்குள் ஒரு பயமும் வராது. குளத்தில் காற்றில்லாத மத்தியானம் மாதிரி இருக்கும்.

சொன்னால் அவனை வேலையிலிருந்து எடுப்பார்கள். எடுத்தால் அனுப்புகிற இடம் வீடு. எதைக் கண்டு நடுங்குகிறானோ அங்கேயே. சொல்லாவிட்டால், ஒருநாள் கம்பியை வெட்டாத தட்டான் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவான். இரண்டுக்கும் நடுவே கலைமதி வாயை மூடிக்கொண்டிருந்தாள். மூடியதுதான் சரியா என்று கேட்க அவளுக்கும் ஆள் இல்லை.

*

மாசி மாதத்தில் கடைசித் தட்டான் கண்டுபிடிக்கப்பட்டது. அதை எடுத்துவிட்டால் உப்பளத்தைத் தொழிலாளர்களிடம் ஒப்படைத்துவிடுவார்கள். பிரிவைக் கலைத்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவதாக உத்தரவு வந்திருந்தது.

மணவாளன் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தான். கடைசித் தட்டானைக் கூண்டில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகப் போகிறானாம். பல்லிக்குப் பேச்சுத் துணையாக இருக்குமாம்.

அன்று காலை டெக்னீஷியன் ஹனீபா சீக்கிரமே வந்து, வண்டியைத் தலைமையகத்தில் பளபளவென்று ஒப்படைக்க வேண்டுமென்று கழுவி, நட்டு போல்ட்டெல்லாம் பார்த்து முடித்திருந்தான். கலைமதி உள்ளே ஏறினாள். கீழ்த்தட்டில் அவளுடைய எலுமிச்சை உப்புத் தண்ணீர் பாட்டில், இட்லி டப்பா. சுவரில் கண்ணாடிப் பெட்டி. மின்சாரம் வருவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. பட்டையை மாட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள்.

பூட்ஸடியில் உப்பு நொறுங்கும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பத்தடி, இருபதடி. ஐஸ் வரவில்லை.

“இன்னா பங்காளி, இன்னைக்கு லீவா?” என்றான் மணவாளன். “ஒண்ணும் எடுத்துக்கினு போற மாதிரி தெரியலயே.”

கடைசி நாளிலும் இவன் வாய் அடங்காது என்று சுபேதார் சிரித்தார். வெளியே இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள். கலைமதிக்கும் உதடு லேசாக விரிந்தது. அப்புறம் விரிந்தது சுருங்கியது. ஏன் ஒன்றுமே வரவில்லை? போகும்போது வருகிற அந்தச் சின்ன, நியாயமான ஐஸ் கட்டி எங்கே? திரும்பி வரப்போகிறவன்தான் போகும்போது கொஞ்சம் பயப்படுவான்.

“மூடி தொறந்தாச்சு” என்றான். நாற்பது நிமிடம் ஓட ஆரம்பித்தது.

அதன் பிறகு பேச்சில்லை. பத்தாவது நிமிடம் சுபேதார் கேட்டார். வேலை நடக்கிறது என்று மட்டும் பதில் வந்தது. மீன் குழம்பு இல்லை, மிக்சர் இல்லை, பல்லி இல்லை. பதினெட்டாவது நிமிடம் மறுபடி கேட்டார். “நடக்குதுங்க.” அதோடு சரி. கவனமாகச் செய்கிறான் போலிருக்கிறது என்று சுபேதார் யாரிடமோ சொன்னார்.

கலைமதிக்கு மட்டும் தெரிந்தது. இரண்டு வருஷத்தில் அவன் ஒரு வாக்கியத்தை வாலில்லாமல் விட்டதே இல்லை. அவளுக்குள் அதே குளம், அதே மத்தியானம். இவன் வேலை செய்யவில்லை. இவன் உட்கார்ந்திருக்கிறான்.

இருபத்து நான்காவது நிமிடம் இட்லி டப்பாவால் கண்ணாடியை உடைத்தாள்.

“தம்பி” என்றாள். “பங்காளி பேசறேன்.”

ஸ்பீக்கரில் பூட்ஸ் உப்பில் ஒருமுறை உரசியது.

“மிக்சர் திங்கற ஆள் மாதிரி தெரியலியே” என்றது குரல்.

“மிக்சர் எனக்கு ஆவாது. கடலை மாவு.”

சின்னதாக ஒரு மூச்சு கேட்டது. சிரிப்பாக இருக்கலாம்.

“கம்பிய வெட்டுங்க தம்பி.”

“வெட்டலாம். கைதான் சொன்ன பேச்சு கேக்கல. லேசா ஆடுது. ஒண்ணுமில்ல, அதுக்கு ரிடையர்மென்ட் துக்கம்.”

அப்போது வந்தது. ஐஸ் இல்லை, கிணறும் இல்லை. கடலே எழுந்து வந்து கதவைத் தட்டுகிற மாதிரி. கலைமதி நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பற்கள் தந்தியடித்தன. வந்துவிட்டது, அவன் திரும்பி வர நினைக்கிறான் என்று அந்த நடுக்கத்திலும் ஒரு சந்தோஷம் ஓடியது.

“எனக்குத் தெரியும்” என்றாள். “இங்க வந்துகிட்டுதான் இருக்கு. போற பயத்துக்கு நான் பொறுப்பு, திரும்பற பயம் உங்களோடதுன்னு எழுதி வெச்சிருக்காங்க. ஆனா லிவர் துருப்புடிச்சு அஞ்சு மாசமாச்சு தம்பி. நீங்க திரும்பி வர்ற வழியிலயும் நான் கூடவேதான் வந்துகிட்டிருக்கேன். யார்கிட்டயும் சொல்லல.”

சுபேதார் குறுக்கே ஏதோ கேட்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“அப்ப அந்தப் பல்லி கதயெல்லாம்...” என்றான் மணவாளன்.

“பல்லி கதைக்குத்தான் ரொம்ப நடுங்குச்சு.”

முப்பத்தோராவது நிமிடம். பச்சை விளக்குக்குப் பக்கத்தில் கடிகார முள் ஓடிக்கொண்டிருந்தது.

“நூறு மீட்டர்ல தண்ணியோட வந்து நிக்கறேன்” என்றாள். “உங்க சேவியர் மாதிரி ஏச வராது. கத்துக்கறேன். எனக்கும் வீட்ல யாரும் காத்துகிட்டு இல்ல, அவசரம் கிடையாது. ஆனா இன்னிக்கு வெட்டுங்க தம்பி. இடது கையால வலது கைய பிடிச்சுக்கிட்டு வெட்டுங்க.”

கடல் அவள் கழுத்துவரை ஏறியிருந்தது. ஸ்பீக்கரில் ஒரு ‘டக்’ கேட்டது.

“ஒண்ணு” என்றான்.

வெகுநேரம் கழித்து, “ரெண்டு.”

முப்பத்தேழாவது நிமிடம் மூன்றாவது ‘டக்’கும், பின்னால் அந்தச் சொல்லும் வந்தன. பத்திரம்.

கலைமதி பட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஏற்பாளர் வெளியே வரக் கூடாதென்று ஒருவன் கையை நீட்டினான். சுபேதார் அந்தக் கையை இறக்கிவிட்டார். வெயிலில் உப்பு கண்ணைக் கூசவைத்தது. நூறு மீட்டர் கொடிக்கம்பம்வரை ஏறக்குறைய ஓடினாள். பட்டை கழன்ற பின்னும் கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. மேஜர் சொன்ன எச்சம்தான், ஐந்து நிமிடத்தில் போய்விடும் என்று சொல்லிக்கொண்டாள். வெள்ளை வெளியில் ஒரு பச்சைப் புள்ளி தள்ளாடி வந்தது. விழுந்துவிடுவானோ, காலடியில் இன்னொன்று இருக்குமோ, அது கணக்கில் வராத தட்டானாக இருக்குமோ என்று ஒவ்வோர் அடிக்கும் நெஞ்சு வாய்க்கு வந்தது.

அவன் வந்து ஹெல்மெட்டைக் கழற்றினான். குரலை வைத்து அவள் நினைத்ததைவிடச் சின்ன முகம். தலையில் பாதி நரை.

“தொப்பையக் காணோம், மீசையும் இல்ல” என்றான். “ஏமாத்திட்டீங்கக்கா.”

“குடிங்க, எருமை” என்றாள் கலைமதி. ஏசிப் பழகாத நாக்கு.

அவன் பாட்டிலில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை அவளிடம் நீட்டினான். அவள் கை ஆடியதில் உப்புத் தண்ணீர் புடவையில் சிந்தியது. இருவரும் வண்டிவரை நடந்தார்கள். படியில் அவன் கவசத்தோடு பொத்தென்று உட்கார்ந்தான்.

“இன்னைக்கு மிசின் சரியில்லக்கா. முழு பார்சலும் எங்கிட்டயேதான் கெடந்துச்சு. ரெண்டு வருசத்துல மொத தடவ. மூடியத் தொறந்துட்டு அப்படியே ஒறஞ்சு போய்ட்டேன். நடக்கும்போதே சொல்லலாம்னு பாத்தேன். சொன்னா சிரிப்பானுங்க. அதான் சிரிக்கற மாதிரியே சொல்லிட்டேன்.”

“இல்லியே தம்பி” என்றாள் கலைமதி. “எனக்கு வந்துச்சே. இத்தனை நாள்ல இப்படி வந்ததே இல்ல. இன்னும் போகல, பாருங்க.” நடுங்கும் கையை நீட்டிக் காட்டினாள். பட்டையைக் கழற்றிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது.

உள்ளே உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டிருந்த ஹனீபா நாற்காலிக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினான்.

“அக்கா, துருப்புடிச்சிருந்த லிவரைக் காலையில கழட்டிட்டுப் புதுசு மாட்டி, மேல தூக்கி வெச்சிருந்தேன். அப்படியே இருக்கே, இன்னைக்கு நீங்க இத இறக்கவே இல்லையா?”